நாவும் நானும்

தாய்மொழியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு எவரும் பிறப்பதில்லை. தொட்டிலில் கிடந்த நாளிலேயே, நம் இசைவைக் கேளாமல், காதுவழிப் புகுந்து நாவிலே குடியேறிவிட்டது அது. ஊரும் உறவும் வாய்த்ததுபோல் அதுவும் வாய்த்தது. ஆனால், வாக்குரிமையும் பெற்று, வயிற்றுப்பாட்டையும் தானே பார்க்கத் தொடங்கிய பின்னர் ஒருவன் உட்கார்ந்து, "இன்றுமுதல் இன்னொரு மொழியில் பேசுவேன், எண்ணுவேன்" என்று முடிவு செய்கிறானே, அதைப் பிறப்பின் கணக்கில் எழுத இயலுமா? அது அவன் செய்த செயல். அப்படியானால், அந்த மொழியிலே பேசுகிறவன் யார்? பழைய ஆளா? புதிய ஆளா? அவனேதான் பேசுகிறானா, அல்லது அவனைப் பேசவைக்கும் கூலி பேசுகிறதா?

ஏட்டுச் சுரைக்காய் என்று இதனை ஒதுக்கிவிடாதீர்கள், தோழர்களே! ஓரகடத்தை அடுத்த வடக்குப்பட்டுப் பக்கம் வந்து பாருங்கள். ஏரிப் பாசனத்து நெல்வயல்கள் நெடுகக் கிடந்த நிலத்தில் இன்று ஆலைகள். ஓரகடத்தில் ரெனோவும் நிசானும் கூட்டாக 2010-இல் தொடங்கிய மோட்டார் ஆலை; கோமாட்சுவின் கனரக இயந்திர ஆலை; வல்லம் வடகாலில் யமஹாவின் ஆலை; இவற்றுக்கு உதிரிப்பாகம் செய்து தரும் சிறுசிறு பட்டறைகள். ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்பும் இளைஞன், சோற்றை உண்ணும்போதே காதில் கருவியை மாட்டிக்கொள்கிறான். அதிலே ஜப்பானியப் பேச்சு. கைப்பேசியின் எழுத்தெல்லாம் ஜப்பானிய எழுத்து. பார்க்கும் படம் ஜப்பானியப் படம். கீழே தமிழ்ச் சொற்கள் ஓடக்கூடாது என்பது அவன் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். புரியாவிட்டாலும் கேள், கேட்டுக்கொண்டே இரு, ஒருநாள் புரியும். இதற்கு மூழ்கிக் கற்றல் என்று பெயர். சிலர் ஆலையில் மேலேறுவதற்குக் கற்கிறார்கள். சிலர் கப்பலேறாமல் வானேறி அந்நாட்டுக்கே போவதற்குக் கற்கிறார்கள். சிலரோ, யாதொரு பயனும் கருதாமல், அந்தப் படங்களின்மீது கொண்ட காதலால் கற்கிறார்கள். இந்த மூன்றாம் வகையினரையே பெற்றோர் மிகவும் அஞ்சுகின்றனர்!

மூழ்குதல் என்ற சொல்லைச் சற்றே உற்று நோக்குங்கள். கால் இடறி விழுந்தவனும் மூழ்குகிறான். முத்துக்குளிக்கக் குதித்தவனும் மூழ்குகிறான். தண்ணீர் இருவருக்கும் ஒன்றே. குதித்தவன் உடலோடு ஒரு கயிறு இருக்கிறது. படகிலே அதைப் பிடித்திருப்பவன் ஒருவன் இருக்கிறான். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைத்தால் மேலே வரலாம். மொழிக்கடலில் மூழ்குகிற நம் இளைஞர்க்கு அந்தக் கயிறு இருக்கிறதா என்பதே நான் கேட்கும் கேள்வி.

முதலில், வேண்டாத அச்சம் ஒன்றைக் களைந்துவிடுவோம். "பிறமொழியில் மூழ்கினால் தமிழன் தமிழனாக இரான்" என்று மனம் வெதும்புவோர் உளர். 2022-இல் இந்தியத் தொல்லியல் துறையினர் இதே வடக்குப்பட்டில் அகழ்ந்தபோது கிடைத்தவை என்ன? பழங்கற்கருவிகள், அவற்றுக்குப் பல்லாயிரம் ஆண்டு பின்னே வந்த மக்களின் பொன்னணிகள், கண்ணாடி மணிகள், அவற்றோடு ரோம நாட்டுச் சாடிகளின் உடைந்த துண்டுகள்! ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே வேற்று நாட்டுச் சாடி இந்த மண்ணில் உடைந்திருக்கிறது. அதைச் சுமந்து வந்தவனோடும் விற்றவனோடும் எவனோ ஒருவன் அரைகுறையாகவேனும் பேசித்தானே இருப்பான்? பேசினவன் ரோமனாகிவிடவில்லை. இத்தாலியிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து, முப்பது வயதில் தமிழ் பயின்று, காவியமே பாடிய வீரமாமுனிவரும் தம் நெஞ்சில் கொண்டுவந்த சமயத்தைத் தமிழிலே கரைத்துவிடவில்லை. தமிழைக்கொண்டே அதைப் பரப்பினார். மொழி புகுந்தவுடன் உள்ளிருப்பவன் வெளியேறிவிடுவான் என்பது மூடநம்பிக்கை.

இதற்கு எதிர்ப்புறத்தில் வேண்டாத பெருமை ஒன்றும் உண்டு. "ஜப்பான் மொழி தமிழிலிருந்து பிறந்ததாமே! நமக்குக் கற்பது எளிதாமே!" என்று தேநீர்க் கடையில் தோள் தட்டுகிறார்கள். சுசுமு ஓனோ என்னும் ஜப்பானிய அறிஞர், அறுபது வயதை ஒட்டித் தமிழ் கற்று, இரு மொழிக்கும் உறவு உண்டென்று நூல்கள் எழுதினார். அந்த உழைப்பை வணங்கலாம். ஆனால் மொழியியலாளரில் பெரும்பாலோர் அம்முடிவை ஏற்கவில்லை. வினைச்சொல் கடைசியில் வருவதும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் நம் பிள்ளைகளுக்குக் கை கொடுக்கின்றன, உண்மை. அதே அமைப்பு துருக்கியிலும் கொரிய மொழியிலும் இருக்கிறது. ஒற்றுமையைக் கண்டதும் உறவு கொண்டாடுவது பகுத்தறிவாளர்க்குப் பொருந்தாது.

அச்சமும் பெருமையும் ஒழிந்தால், மிஞ்சுவது உண்மையான சிக்கல். அது 'நான்' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது.

தமிழில் 'போகிறேன்' என்றாலே போதும். 'நான்' என்று தனியே சொல்லாவிட்டாலும் அந்த 'ஏன்' விகுதியிலே ஆள் நிற்கிறான். ஜப்பானியத்தில் 'இகிமசு' என்றால் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார்கள் எல்லாம் அதுவே. ஆள் யாரென்று வினை சொல்லாது. சூழல்தான் சொல்ல வேண்டும். ஆளைச் சொல்லியே ஆகவேண்டுமானால், அதற்கு ஒரு சொல் இல்லை, பல சொற்கள்! 'வதாஷி' என்றால் பணிவும் பொதுமையும் கலந்த நான். 'போகு' என்றால் பையன்களின், இளைஞர்களின் மென்மையான நான். 'ஓரே' என்றால் நண்பர் நடுவே நெஞ்சு நிமிர்த்தும் ஆண்மகனின் நான். கற்பவன் ஒவ்வொரு முறையும் தான் எந்த நான் என்று தேர்ந்தாக வேண்டும். ஆண்கள் பேசும் சொல் இது, பெண்கள் பேசும் முடிப்பு இது என்று அங்கே பழக்கத்தில் ஊறிய பிரிவினையும் உண்டு. படங்களைப் பார்த்தே பழகிய இளைஞன் ஆலை மேலாளரிடம் 'ஓரே' என்று சொல்லிவிட்டால் அறை முழுதும் அமைதி! அதே படங்களைப் பார்த்த பெண்ணொருத்தி, தான் குழைந்து பேச வேண்டுமா, நேராகப் பேச வேண்டுமா என்று நின்று எண்ண வேண்டியிருக்கிறது. எண்ணட்டும். தாய்மொழியிலே ஒருபோதும் எண்ணிப் பாராத கேள்வி அது. 'பெண் இப்படித்தான் பேசவேண்டும்' என்பது இயற்கையின் கட்டளை அன்று, ஊரின் கட்டளை என்று வேற்றுமொழி அவளுக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பெயர் இன்னொரு விந்தை. ஜப்பானிய நாவில் 'ல'வும் 'ர'வும் ஒன்றே. 'ன்' தவிர வேறு மெய்யில் சொல் முடியாது. செல்வி அங்கே 'செருவி' ஆகிறாள். தமிழே 'தமிரு' ஆகிவிடுகிறது. சினம் கொள்ள வேண்டா; நாமும் பஸ்ஸைப் 'பஸ்ஸு' என்கிறோம், அவர்களும் 'பாசு' என்கிறார்கள், கணக்கு நேர்! அதனினும் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. அங்கே ஒருவரைக் குடும்பப்பெயரால்தான் விளிப்பார்கள். நமக்குக் குடும்பப்பெயர் ஏது? கடவுச்சீட்டில் அந்த இடத்தில் தந்தையின் பெயர் இருக்கிறது. ஆகவே செல்வி தன் பணியிடத்தில் நாள் முழுதும் 'முருகேசன்–சான்' என்று அழைக்கப்படுகிறாள். அப்பா பெயர் ஆலைக்குள் வேலை செய்கிறது!

நகைத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்த இடம் ஏன் வெறுமையாக இருக்கிறது? இதே வட்டாரத்துச் செங்கற்பட்டில் 1929-இல் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே தொங்கும் சாதிப் பட்டத்தை வெட்டியெறியச் சொன்னதும், நாடு அதைப் படிப்படியாகக் கேட்டதும் அதற்கொரு காரணம். வெட்டாதிருந்தால் அந்தப் பெண் ஜப்பானுக்குப் போயும் சாதிப் பெயரால் அழைக்கப்பட்டிருப்பாள். தந்தை பெயரால் அழைக்கப்படுவதை அவள் மறுக்கலாம். 'செல்வி என்றே அழையுங்கள்' என்று கேட்கலாம். பல இடங்களில் கேட்டால் இசைகிறார்கள். கேட்கும் சொற்றொடரை மட்டும் அவள் கற்றிருக்க வேண்டும்.

ஜப்பானியம் கற்கும் இளைஞன் ஒருவன் என்னிடம் சொன்னான்: "சார், தமிழில் நான் வாய் திறந்தால் எந்தத் தெரு என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஜப்பானியத்தில் எனக்குத் தெரு இல்லை." மூழ்குகிறவன் தன்னை இழக்கிறான் என்று புலம்புவோர் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க வேண்டும். இழக்கத் தக்கது எது என்று அவன் தெளிந்திருக்கிறான். ஊர் அவன்மேல் எழுதிய எழுத்தை அழிக்க ஒரு மொழியைத் தேடுகிறான். அது தப்பியோடுதல் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், போகும் நாடு மாசற்ற மாளிகை என்று அவனிடம் பொய் சொல்லவும் மாட்டேன். இழிந்த தொழில் செய்தோர் என்று அங்கேயும் ஒரு மக்கட்கூட்டம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1871-இல் அரசாணை அவ்விழிவை நீக்கியது, மனங்கள் நீக்கவில்லை. ஆகவே 1922-இல் அம்மக்கள் கியோட்டோவில் கூடி, 'சுய்ஹெய்ஷா' என்னும் சமன்மைச் சங்கத்தை எழுப்பினர். நம் சுயமரியாதை இயக்கத்துக்கு மூன்றாண்டு மூத்தது! ஜப்பானியம் கற்பவன் இந்த வரலாற்றையும் சேர்த்துக் கற்றால், அங்கே அவன் வெறும் கைகளாக மட்டும் போய் இறங்கமாட்டான்.

அடுத்தது, மரியாதை மொழி. தலை எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவுக்கு வினைச்சொல்லும் வடிவம் மாறும். இது நமக்குப் புதிதா? ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் முறையே தாழ்ந்தவன், ஒத்தவன், உயர்ந்தவன் கேட்கும் சொற்கள் என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. தருதலும் வருதலும் தன்மை முன்னிலைக்கு உரியவை, கொடுத்தலும் செல்லுதலும் படர்க்கைக்கு உரியவை என்றும் அது கூறும். ஜப்பானியத்தில் எனக்குப் பிறர் தந்தால் 'குரேரு'. நான் பிறர்க்குக் கொடுத்தால் 'அகேரு'. தொல்காப்பியம் படித்த மாணவனுக்கு இந்தப் பாடம் கால் மணி நேரத்தில் விளங்கிவிடும். ஆனால் பாருங்கள்: நாம் இன்று கடைக்காரரிடமும் 'கொடு' என்கிறோம், தாயிடமும் 'கொடு' என்கிறோம். உயர்வு தாழ்வு காட்டிய அந்தச் சொற்சுவர் இடிந்து போயிற்று; தமிழ் இடிந்து போகவில்லை. பேசுவோர் மாறினால் மொழியும் வளைந்து கொடுக்கும். ஆனால் நரைத்த தலையினரைச் சாதி பார்த்து 'நீ' என்றும் 'வாடா' என்றும் அழைத்த வழக்கம் இலக்கணத்தில் எழுதப்படாமலே எத்துணை நாள் நீடித்தது! இன்னும் சில தெருக்களில் நீடிக்கிறது.

ஆகவே நம் இளைஞன் கேட்கிறான்: "பண்ணையார் முன் என் தாத்தா குனிந்தார். ஜப்பானிய மேலாளர் முன் நான் குனிவதற்கு என்ன வேறுபாடு?" கேட்க வேண்டிய கேள்வி! வேறுபாடு உண்டு என்பதே என் எண்ணம். பண்ணையார் ஒருநாளும் திரும்பக் குனிந்ததில்லை. ஜப்பானியர் தலைதாழ்த்தினால் எதிரே இருப்பவரும் தாழ்த்துகிறார். அளவு சற்றுக் குறையலாம், குனிவது குனிவதுதான். வாடிக்கையாளர் முன் மேலாளரும் குனிகிறார். அங்கும் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. பதவி, அகவை, உள்ளாள் வெளியாள் என்னும் கணக்கு இருக்கிறது. ஆனால் பதவி மாறும், பிறப்பு மாறாது. எனவே முதுகு வளைவதை வைத்து அடிமைத்தனத்தை அளக்க இயலாது. வாய் எதைச் சொல்ல இயலும் என்பதை வைத்தே அளக்க வேண்டும்.

பயிற்சிக்குப் போனவனுக்கு முதலில் ஏறுவது 'ஹாய்' என்னும் சொல். ஆம் என்று பொருள் எழுதிக்கொள்கிறான். உண்மையில் பல இடங்களில் அதற்கு 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதே பொருள். 'இசைகிறேன்' என்பது அன்று. இந்தச் சிறு வேறுபாடு தெரியாதவன், கேட்டதற்கெல்லாம் தலையாட்டி, தலையாட்டியதற்கெல்லாம் பொறுப்பேற்கிறான். இரண்டாவது ஏறும் சொல் 'வகாரிமஷிதா', விளங்கிற்று. 'விளங்கவில்லை' என்பதைச் சொல்ல நாக்கு கூசுகிறது. மறுப்போ இன்னும் கடினம். 'ஈயே' என்று முகத்துக்கு நேரே இல்லை என்பது அங்கே அருமை. 'சொத்தோ' என்று இழுப்பார்கள், 'கொஞ்சம்...' என்று பொருள். அந்தக் கொஞ்சத்துக்குள் முழு மறுப்பும் அடங்கியிருக்கும். 'கடினந்தான்' என்று பொருள்படும் 'முஸுகஷீ' என்பதும் பெரும்பாலும் முடியாது என்பதே. அங்கும் மறுக்கலாம், தோழர்களே! மறுப்பதற்கு அந்நாட்டு வழி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுக்காமல் பணிவை மட்டும் சொல்லிக் கொடுப்பது பாதி மொழியைக் கற்பிப்பதாகும். அதுவும், ஆள் எடுப்பவனுக்கு வசதியான பாதி.

தேர்வும் அந்தப் பாதியோடு நின்றுவிடுகிறது. 1984-இல் தொடங்கி, 2010 முதல் என்–5, என்–4 என ஐந்து படிகளாக நடக்கும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் எழுத்தறிவு உண்டு, இலக்கணம் உண்டு, படித்தறிதல் உண்டு, கேட்டறிதல் உண்டு, பேசுதல் இல்லை! உச்சப் படியாகிய என்–1 வரை, ஒருவன் ஒரு சொல்கூட வாய் திறவாமல் ஏறிவிடலாம். குறிப்பிட்ட திறனாளர் விசாவுக்கு அந்த என்–4 சான்றும் ஏற்கப்படுகிறது. கட்டளை கேட்டு விளங்கிக்கொள்வான் என்பதற்குச் சான்று இருக்கிறது. எதிர்த்துக் கேள்வி கேட்பான் என்பதற்குச் சான்றை எவரும் கேட்கவில்லை.

ஆலைக்குள்ளும் இதே இரட்டை முகம். '5எஸ்' என்னும் ஒழுங்குமுறையின் ஐந்து ஜப்பானியச் சொற்களை நம் தொழிலாளர் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஐந்தாவது சொல் 'ஷித்ஸுகே'. கட்டுப்பாடு என்று பலகையில் மொழிபெயர்த்திருக்கிறது. ஜப்பானிய வீடுகளில் அது குழந்தைக்கு நல்வழக்கம் பழக்குவதைக் குறிக்கும் சொல். வளர்ந்த மனிதனைக் குழந்தையாக்கும் அந்த நிழல், மொழி தெரிந்தவன் கண்ணுக்கே படும்! அதே ஆலை உலகில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: 'நஸே', ஏன். டொயோட்டாவின் உற்பத்தி முறையை வகுத்த டாயிச்சி ஓனோ (தமிழ் கற்ற ஓனோ வேறு, இவர் வேறு), பழுது நேர்ந்தால் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டு அடிவேரைக் காண் என்று 1978-இல் வந்த தம் நூலில் வலியுறுத்தினார். எந்திரம் ஏன் நின்றது என்று ஐந்து முறை கேட்கலாம் என்றால், எனக்கு ஓய்வு ஏன் குறைந்தது என்று ஒரு முறை கேட்கலாகாதா?

முன்னொரு காலத்தில் அந்த மொழி இராணுவத்தோடு வந்தது. 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஊரின் பெயரே 'சியோனான்' ஆயிற்று. பள்ளிகளில் ஜப்பானியம் புகுத்தப்பட்டது. மலேயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா இரயில் பாதைக்கு ஓட்டிச் செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். அவர்கள் காதில் விழுந்த ஜப்பானியம் கட்டளை ஒன்றே. கொரிய மக்களை 1940 முதல் ஜப்பானியப் பெயர் சூட்டிக்கொள்ளச் செய்தது அன்றைய பேரரசு. திணிப்பு என்றால் என்ன என்பதை 1938-இலும் 1965-இலும் நெருப்பில் நின்று படித்த நமக்கு அதை விளக்க வேண்டுவதில்லை. இன்று வடக்குப்பட்டு இளைஞன் தானே விரும்பிக் கற்கிறான். விருப்பந்தான், ஆனால் அந்த விருப்பத்தின் பின்னே தங்கையின் திருமணமும் ஒப்பந்தக் கூலியும் வரிசையில் நிற்கின்றன. தேவையால் செய்த தேர்வு தேர்வே அன்று என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் உழைப்பவன் எவனுக்கும் மனமே இல்லை என்றாகிவிடும். தேர்ந்தபின் திரும்ப இயலுமா என்பதையே நான் பார்ப்பேன்.

அங்கேதான் முத்துக்குளிப்பவனின் கயிறு வருகிறது. ஜப்பான் 1993-இல் தொழிற்பயிற்சித் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது; இந்தியா 2017-இல் அதில் உடன்பாடு செய்துகொண்டது. பயிற்சியாளர் என்று பெயர். ஆனால் வந்து சேர்ந்த முதலாளியை விட்டு மாற அவருக்கு உரிமை இல்லை என்பதே விதி. கொடுமை தாளாமல் ஓடியவர்கள் 'காணாமற்போனோர்' என்று கணக்கில் எழுதப்பட்டனர். கண்டனம் பெருகியது. 2024-இல் அந்நாட்டு நாடாளுமன்றம், அத்திட்டத்தை 2027-க்குள் நீக்கி, வரம்புகளுக்கு உட்பட்டேனும் வேலையிடம் மாற வழிதரும் புதுமுறையைக் கொண்டுவரச் சட்டம் இயற்றிற்று. சட்டம் இயற்றியவர்களைப் பாராட்டுவோம். ஆயினும், மாறும் உரிமையைக் கேட்டுப் பெறுவதற்கு அலுவலகத்தில் நின்று பேச வேண்டுமே, அப்போது எந்த மொழியில் பேசுவான்? 'ஹாய்' மட்டும் தெரிந்தவனுக்குச் சட்டம் ஊமை.

ஆலைகளும் நிலைத்தவை அல்ல. ஓரகடத்து ஆலையிலிருந்த தன் பங்கை ரெனோவுக்கே விற்க 2025-இல் நிசான் இசைந்தது. நிறுவனத்துக்காக மட்டும் மொழி கற்றவன் அன்று கைபிசைந்தான். தனக்காகக் கற்றவன் மறுநாளும் காதுக்கருவியை மாட்டிக்கொண்டான்.

வேற்றுமொழியில் மூழ்கியும் தானாகவே எழுந்தவர் ஒருவரைச் சொல்கிறேன். நொபொரு கராஷிமா, 1933-இல் பிறந்தவர். அறுபதுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, சோழர் கல்வெட்டுகளில் மூழ்கினார். கோயிலைக் கண்டு கைகூப்பி நிற்காமல், கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை ஒவ்வொன்றாகத் தொகுத்து எண்ணினார். சுப்பராயலு, மட்சுய் ஆகியோருடன் அவர் ஆக்கிய பெயர் அடைவு 1978-இல் வெளிவந்தது. நிலம் யாரிடம் இருந்தது, யாரிடம் போயிற்று என்று நம் முன்னோர் வரலாற்றை நமக்கே கணக்கிட்டுக் காட்டினார். உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராக இருந்த அவர், 2010-இல் கோவையில் நடக்கவிருந்த மாநாட்டுக்கு மன்றத்தின் ஒப்புதலைத் தரவில்லை. ஆய்வாளர் ஆயத்தம் செய்யக் காலம் போதாது என்றார். நம்மில் பலருக்கு அன்று கசந்தது. எனக்கோ அதுவே அவர் தமிழ் கற்றார் என்பதற்கு நற்சான்றாகத் தோன்றுகிறது. 2015-இல் மறையும்வரை அவர் ஜப்பானியராகவே இருந்தார். தமிழ்மீது கொண்ட காதல் குறையவில்லை. தமிழர் அழைத்தபோது முடியாது என்று சொல்லவும் அவருக்கு இயன்றது.

அவர் பேராசிரியர், நம்மவன் பற்றவைப்புத் தொழிலாளி, இருவரையும் ஒப்பிடலாமா என்பர் சிலர். பேராசிரியருக்குப் பதவி கயிறாக இருந்தது என்பது மெய்யே. ஆகையால்தான் பதவி இல்லாதவனுக்குச் சொற்களையேனும் கயிறாகத் திரித்துக் கொடுக்க வேண்டும் என்கிறேன். இந்தச் சாலையில் ஜப்பானியம் கற்பிக்கும் நிலையங்கள் பெருகிவருகின்றன. எல்லாவற்றிலும் முதற்பாடம் வணக்கம். இரண்டாம் பாடம் நன்றி. மூன்றாம் பாடம் மன்னிப்பு. 'எனக்கு விளங்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள்', 'இதில் கையெழுத்திடுமுன் படித்துப் பார்க்க வேண்டும்', 'என்னை என் பெயரால் அழையுங்கள்', 'இந்த வேலை ஆபத்தானது, செய்ய இயலாது', 'ஏன்?' இந்த ஐந்தும் எத்தனையாவது மாதத்துப் பாடத்தில் வரும் என்று, கட்டணத்தை எண்ணிக் கொடுக்குமுன் கேளுங்கள்.